நடவும் பணம், பிடுங்கவும் பணம்
தென் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களும் அரசின் கையும்

பாரிசிலோ லியோனிலோ உள்ள பல்பொருள் அங்காடியொன்றில் வைன் போத்தல்கள் அடுக்கப்பட்டிருக்கும் தட்டுகளைச் சற்று நின்று கவனிப்போமாயின், கீழ்த் தட்டுகளில், குறைந்த விலையில், 'பேயி டொக்' என்ற பெயர் தாங்கிய போத்தல்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். உணவகங்களின் சமையலறைகளில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு இப்பெயர் புதிதன்று. 'ஒக்' மொழி பேசிய மக்களின் நாடு என்பது அதன் பொருள். ஆயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த பெயர் போலத் தோன்றினும், வைன் போத்தலின் மீது அது ஏறியது 1987ஆம் ஆண்டிலேதான். ஏற்றி வைத்தது ஓர் அரசாணை.

அப்பெயரை மட்டுமன்று, அப்போத்தலுக்குள் இருக்கும் திராட்சையின் இனம், அது ஒரு ஹெக்டேயரில் எவ்வளவு விளையலாம் என்ற அளவு, அத்தோட்டத்திற்கு நீர் பாய்ச்சலாமா என்ற கேள்வி, அதனை விளம்பரப்படுத்தலாமா என்ற கேள்வி, ஏன், அக்கொடி மண்ணில் நிற்கலாமா அன்றேல் வேரோடு பிடுங்கப்பட வேண்டுமா என்பது வரை, அனைத்தையும் நிர்ணயித்து வந்தது அரசே. தென் பிரான்சின் லங்டொக் பிரதேசத்தைப் போல, அரசாங்கக் கொள்கை ஒரு விவசாயத் தொழிலை உருவாக்கி, சீரழித்து, மீண்டும் நவீனப்படுத்தி, பின் கைவிட எத்தனித்த வரலாறு வேறெங்கும் இத்தனை தெளிவாகக் கிடைப்பதில்லை. அகதி அந்தஸ்து என்பதும் வதிவிட அனுமதி என்பதும் ஒரு கையொப்பத்தில் தங்கியிருக்கும் வாழ்க்கையை அறிந்த நமது வாசகர்களுக்கு இவ்வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

லங்டொக் என்பது மத்தியதரைக் கடலின் கரையில், ரோன் நதியின் முகத்துவாரம் தொடக்கம் ஸ்பானிய எல்லையான பிரனே மலைகள் வரை வளைந்து கிடக்கும் நிலம். கார், எரோ, ஓட் ஆகிய மாவட்டங்களும், அவற்றோடு சேர்த்தெண்ணப்படும் ருசியோன் பகுதியும் இதில் அடங்கும். மொன்பெலியே, பெசியே, நார்பொன், பேர்பினியன் என்பன இதன் நகரங்கள். வெயில் மிகுதி; மழை குறைவு; காற்றுக்கோ பஞ்சமில்லை. யாழ்ப்பாணத்தில் நாம் முந்திரிகை என்று சொல்லிப் பந்தலிட்டு வளர்த்த கொடியை இங்கே முழங்கால் உயரச் செடியாகக் கத்தரித்து வளர்ப்பார்கள். பந்தலும் இல்லை, பழைய தோட்டங்களில் கம்பியும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புகையிரதப் பாதை வந்ததும் இந்நிலத்தின் தலைவிதி மாறியது. வடக்கின் சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்த மக்களுக்கு மலிவான சிவப்பு வைன் தேவைப்பட்டது. கோதுமையும் ஒலிவ் மரமும் நின்ற சமவெளிகள் திராட்சைக்கு மாறின. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த 'பிலொக்சேரா' என்ற பூச்சி வேர்களை உறிஞ்சித் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. கார் மாவட்டத்தில் முதலில் தென்பட்ட இவ்வழிவின் காரணத்தை 1868இல் கண்டறிந்தவர்களுள் முதன்மையானவர் மொன்பெலியேயின் தாவரவியற் பேராசிரியர் ஜூல் எமில் பிளான்ஷோன். அமெரிக்கக் கொடியின் வேர் இப்பூச்சியைத் தாங்கும். ஆகவே அவ்வேரின் மீது பிரெஞ்சுக் கொடியை ஒட்டவேண்டும் என்ற தீர்வும் மொன்பெலியேயின் விவசாயக் கல்லூரியினால் பரவலாக்கப்பட்டது. இன்று ஐரோப்பாவின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்கள் அமெரிக்க வேரில் நிற்கின்றன. அந்நிய வேரில் ஒட்டப்பட்டு, தன் பழத்தைத் தந்துகொண்டு.

ஒட்டுவதற்குப் பணம் வேண்டும். பணமுள்ளவன் மலைச்சரிவைக் கைவிட்டுச் சமவெளியில் நட்டான்; அதிகம் காய்க்கும் 'அரமொன்' இனத்தை நட்டான். ஹெக்டேயருக்கு இருநூறு ஹெக்டோலீற்றரும் அதற்கு மேலும் கூட அவ்வினம் தரும். கிடைப்பதோ எட்டு ஒன்பது பாகை மதுசாரம் மட்டுமே கொண்ட, நிறம் வெளுத்த திரவம். அதற்கு நிறமும் வலுவும் ஊட்ட அல்ஜீரியாவிலிருந்து வைன் வந்தது. அங்கே குடியேற்றவாதிகள் நட்ட தோட்டங்களை ஊக்குவித்ததும் இதே பிரெஞ்சு அரசுதான் என்பது குறிப்பிடத்தக்கது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் உலகின் மாபெரும் வைன் ஏற்றுமதித் தொழிலொன்றை நிறுவிய விந்தையைத் தனியாகவே எழுதலாம்.

1907: துப்பாக்கியும் சட்டமும்

1903இல் சீனி மீதான வரியை அரசு குறைத்தது. வடக்கின் பீற்றூட் சீனி முதலாளிகளுக்கு இது உவப்பானது. தெற்கிலோ இதன் விளைவு வேறு. பிழிந்த சக்கையில் நீரும் சீனியும் சேர்த்துப் புளிக்க வைத்தால் 'வைன்' பெருகும். திராட்சையில்லாமலேயே வைன் செய்தவர்களும் இருந்தனர். விலை சரிந்தது. தோட்டக்காரன் கடனில் மூழ்க, தோட்டத் தொழிலாளி வேலையிழந்தான்.

1907 மார்ச் 11ஆந் திகதி, ஆர்ஜெலியே என்ற சிற்றூரிலிருந்து 87 தோட்டக்காரர்கள் நார்பொன் நகருக்கு நடந்து சென்றனர். அவர்களை அழைத்துச் சென்றவர் மார்சலன் அல்பேர் என்ற சிறு தோட்டக்காரர். தேநீர்க் கடைக்குச் சமமான ஒரு கபேயையும் நடத்தி வந்தவர். மூன்று மாதங்களுக்குள், யூன் 9ஆந் திகதி மொன்பெலியேயில், ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டனர். நார்பொன் நகர முதல்வர் பெரூல் உட்பட நூற்றுக்கணக்கான ஊர் முதல்வர்கள் பதவி துறந்தனர். பிரதமர் கிளெமென்சோ படையை அனுப்பினார். யூன் 19, 20ஆந் திகதிகளில் நார்பொனில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. ஆறு பேர் மாண்டனர். அவர்களுள் இருபது வயது யுவதி ஒருத்தியும் அடக்கம். இச்செய்தி எட்டியதும், அப்பகுதி இளைஞர்களையே பெருமளவில் கொண்டிருந்த 17ஆவது காலாட்படைப் பிரிவினர் சுமார் ஐந்நூறு பேர் தம் முகாமிலிருந்து வெளியேறி, இரவோடிரவாகப் பெசியே நகருக்கு நடந்து வந்து, மக்கள் மத்தியில் துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்து நின்றனர். பின்னர் அவர்கள் துனீசியாவின் கப்சா பாலைநிலத்துக்கு அனுப்பப்பட்டனர்.

மார்சலன் அல்பேரின் முடிவு பரிதாபமானது. இரகசியமாகப் பாரிசுக்குச் சென்று கிளெமென்சோவைச் சந்தித்தார். பிரதமர் அவருக்கு ஊர் திரும்புவதற்கென நூறு பிராங் கொடுத்து, அதனைப் பத்திரிகைகளுக்கும் சொல்லிவிட்டார். வாங்கிய நூறு பிராங்குடன் அவரது செல்வாக்கும் போயிற்று. ஒரு மக்கள் தலைவனை வீழ்த்த இதைவிட மலிவான முறையை எந்த அரசும் கண்டுபிடித்ததில்லை.

ஆயினும், அப்போராட்டம் வெறுங்கையோடு முடியவில்லை. 1907 யூன் 29ஆந் திகதிச் சட்டம் ஒவ்வொரு தோட்டக்காரனும் தன் விளைச்சலை அறிவிக்க வேண்டும் என்று விதித்தது; வைனில் சேர்க்கும் சீனிக்கு மேலதிக வரி விதித்தது. அதே ஆண்டு செப்டெம்பர் ஆணையொன்று, புதிய திராட்சையோ அதன் சாறோ புளித்துக் கிடைப்பது மட்டுமே வைன் என வரையறுத்தது. கலப்படத் தடுப்புச் சேவையும் அதே ஆண்டில் அமைக்கப்பட்டது. இன்று நாம் வாங்கும் வெண்ணெயிலும் இறைச்சியிலும் என்ன இருக்கின்றது என்று பரிசோதிக்கும் பிரெஞ்சு அரச நிறுவனத்தின் வேர் நார்பொனில் சிந்திய இரத்தத்தில் இருக்கின்றது என்றால் மிகையாகாது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 1907இன் சட்டங்கள் வைனைக் காப்பாற்றின. ஆனால் நல்ல வைனைக் கேட்கவில்லை. எவ்வளவு மோசமாயினும் உண்மையான திராட்சையில் செய்தால் போதும். அடுத்த அறுபது ஆண்டுகளின் தவறு இங்கேதான் தொடங்குகின்றது என்பது என் எண்ணம்.

அக்காலத்தில் இன்னொரு முயற்சி கீழிருந்து எழுந்தது. பெசியேக்கு அருகேயுள்ள மறோசன் கிராமத்தில் 1901இல் சிறு தோட்டக்காரர்கள் 'சுதந்திர வைன் உற்பத்தியாளர்' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து தம் வைனைக் கூட்டாகப் பாரிஸ் தொழிலாளரின் கூட்டுறவுக் கடைகளுக்கு விற்றனர். சோஷலிசத் தலைவர் ஜோன் ஜோரஸ் 1905இல் அங்கு சென்று பார்த்துப் பாராட்டினார். பின்னர் விவசாயக் கடனும் வரிச் சலுகையும் அரசிடமிருந்து கிடைக்கவே, இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கூட்டுறவு நிலவறைகள் ஊருக்கு ஊர் எழுந்தன. தேவாலயத்தோடு போட்டியிடும் உயரத்தில் அக்கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. நமது வடபகுதியில் 1970களில் கள்ளிறக்கும் தொழிலாளர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்ததைக் கண்டவர்களுக்கு இதன் பலமும் பலவீனமும் விளக்காமலே விளங்கும். தவறணை முதலாளியின் பிடியிலிருந்து விடுதலை கிடைத்தது. ஆனால் யாருடைய கொள்கலன் நிரம்பியது என்பதே கணக்கு, உள்ளே இருப்பது எப்படி என்பதன்று. லங்டொக் கூட்டுறவுகளும் நெடுங்காலம் எடைக்கும் பாகைக்குமே பணம் கொடுத்தன.

1931இன் வைன் சட்டம் அதிக விளைச்சலுக்கு வரி விதித்து, புதிய நடுகையைக் கட்டுப்படுத்தி, மிகை வைனைக் கட்டாயமாகக் காய்ச்சி வடித்து மதுசாரமாக்க உத்தரவிட்டது. 1934இன் இறுதியில் 'நோவா', 'இசபெல்' முதலான ஆறு அமெரிக்கக் கலப்பினங்கள் தடை செய்யப்பட்டன. 1935இல் மூலப்பெயர்க் கட்டுப்பாடு பிறந்தது. எந்த ஊர்ப் பெயரை எந்த வைன் சூடலாம் என்பதை அரசும் உற்பத்தியாளரும் சேர்ந்து முடிவு செய்யும் முறை அது. போர்தோவும் பூர்கொய்னும் அதில் முன் வரிசையில் அமர்ந்தன. லங்டொக்கிற்குக் கிடைத்ததோ சில இனிப்பு வைன்களும், லிமூவின் நுரை வைனும், 1948இல் பித்தூ என்ற சிவப்பு வைனும் மட்டுமே. ஏனைய பெரும் பரப்பு 'மேசை வைன்' என்ற பெயரற்ற கூட்டத்தில் விடப்பட்டது. பெயரில்லாதவனுக்கு விலை இல்லை. விலையில்லாதவன் அளவைக் கூட்டுகின்றான். அளவு கூடினால் அரசு அதனை வாங்கி வடிக்கின்றது. இந்தச் சக்கரம் 1970கள் வரை சுழன்றது.

யார் பறித்தார்கள்?

கொள்கை பற்றிய நூல்கள் பெரும்பாலும் தோட்ட உரிமையாளனைப் பற்றியே பேசும். பழத்தைப் பறித்தவர் யார் என்பதையும் கேட்க வேண்டியுள்ளது. 1939இன் தொடக்கத்தில், ஸ்பெயின் குடியரசு வீழ்ந்தபோது, நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் பனி மூடிய பிரனே மலைகளைக் கடந்து இப்பிரதேசத்துக்குள் வந்தனர். ஆர்ஜெலேசின் கடற்கரை மணலில் முட்கம்பிக்குள் அவர்களை வைத்தது பிரெஞ்சு அரசு. முகாம்களிலிருந்து வெளிவந்த பலர் இத்தோட்டங்களில் கூலிகளாயினர். இன்று லங்டொக்கின் ஊர்களில் மார்ட்டினெஸ், கார்சியா என்ற குடும்பப் பெயர்கள் நிறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அக்குடும்பங்களில் சில இரண்டாம் மூன்றாம் தலைமுறையில் தோட்ட உரிமையாளர்களாகவும் ஊர் முதல்வர்களாகவும் ஆகிவிட்டன.

போருக்குப் பின்னர், 1945இல் அமைக்கப்பட்ட அரச குடிவரவு அலுவலகம் ஒவ்வொரு செப்டெம்பரிலும் ஸ்பெயினிலிருந்து பறிப்பாளர்களை ஒப்பந்தத்தில் அழைத்து வந்தது. பின்னர் மொரோக்கோவிலிருந்து வந்தனர். 1970களின் பின்னர் அறுவடை இயந்திரம் வந்தது. இரவில் வெளிச்சம் போட்டுக்கொண்டு வரிசைக்கு மேலாக நகரும் அவ்வுயரமான இயந்திரம் பல கைகளின் வேலையைச் செய்துவிடும். அது நகர வேண்டுமாயின் கொடிகள் கம்பியில் கட்டப்பட்டு, ஒழுங்கான இடைவெளியில் நிற்க வேண்டும். மறுசீரமைப்புக்கான ஐரோப்பிய மானியம் கம்பிக்கும் கழிக்கும் உதவியது. ஆக, நவீனமயமாக்கல் என்ற சொல்லுக்குள் தோட்டத் தொழிலாளியின் வெளியேற்றமும் இருக்கின்றது.

புகலிடம் கோருவோர் பிரான்சில் வேலை செய்யும் உரிமையை 1991 செப்டெம்பர்ச் சுற்றறிக்கையொன்று பறித்ததை நமது மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அறுவடைக் காலம் தொடங்கும் மாதத்தில் அது வந்தது என்பது தற்செயல்தான். இப்போதுள்ள சட்டப்படி, ஆறு மாதங்களாகியும் விண்ணப்பத்துக்குத் தீர்ப்புக் கிடைக்காதவர் வேலை அனுமதி கேட்கலாம்; கேட்டதெல்லாம் கிடைத்துவிடுவதில்லை என்பது வேறு விடயம்.

பிரசல்ஸ் நுழைகின்றது

1962இல் அல்ஜீரியா சுதந்திரம் பெற்றது. கலப்பதற்கு வந்த வைன் படிப்படியாக நின்றது. 1970இல் ஐரோப்பியப் பொதுச் சந்தையின் வைன் ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்தபோது, அவ்வெற்றிடத்தை இத்தாலிய வைன் நிரப்பியது. செத் துறைமுகத்தில் இத்தாலியக் கப்பல்கள் வந்து நின்றன. லங்டொக் தோட்டக்காரனுக்கோ பழைய பிரெஞ்சு நடுகைக் கட்டுப்பாடுகள். இத்தாலியனுக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. ஒரே சந்தை, இரு சட்டம்.

1976 மார்ச் 4ஆந் திகதி, நார்பொனுக்கு அருகே மொன்ரெதொன் என்ற இடத்தில் தோட்டக்காரருக்கும் கலகம் அடக்கும் பொலிசாருக்கும் இடையே துப்பாக்கிச் சூடு நடந்தது. பொலிஸ் அதிகாரி ஜொயெல் லு கோவ் என்பவரும், எமில் புய்த்தேஸ் என்ற தோட்டக்காரரும் கொல்லப்பட்டனர். அந்நாளுக்குப் பின்னர் இருதரப்பும் பின்வாங்கின. ஊர்களின் நினைவில் அந்நாள் இன்னும் ஆறாத புண்ணாகவே இருக்கின்றது.

அதே ஆண்டில் பொதுச் சந்தை முழுவதிலும் புதிய நடுகை நிறுத்தப்பட்டது. பின்னர் வந்த கொள்கையின் சாரம் இதுதான்: மிகை வைனை வடித்தல், தோட்டத்தைப் பிடுங்குவோருக்குக் கொடுப்பனவு, எஞ்சியவருக்கு இனம் மாற்ற உதவி. 1984 டிசெம்பரில் டப்ளினில் கூடிய ஐரோப்பியத் தலைவர்கள் கட்டாய வடிப்பை இறுக்கினர். 1988 முதல் பிடுங்குவதற்கான கொடுப்பனவு பெருமளவில் வழங்கப்பட்டது. அரமொன் மறைந்தது, கரினியான் குறைந்தது, சிறா, கிரெனாஷ், மேர்லோ, கபெர்னே, சார்தொனே ஆகியன நடப்பட்டன. 1970 அளவில் நான்கு இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் இருந்த லங்டொக்-ருசியோன் தோட்டப் பரப்பு இன்று இரண்டரை இலட்சத்துக்கும் கீழே நிற்கின்றது.

இவ்வளவு பணம் செலவழிக்கப்பட்ட போதிலும், உண்மையான திருப்பத்தை உண்டாக்கியது பணமன்று, பெயர் என்றே கருதுகின்றேன். இரு வழிகளில் பெயர் வந்தது. ஒன்று மேலேறும் வழி: 1982இல் போஜேர், சென் சினியன், 1985இல் கொர்பியேர், மினெர்வுவா, லங்டொக் மேட்டு நிலங்கள் ஆகியன மூலப்பெயர்க் கட்டுப்பாட்டுத் தகுதி பெற்றன. மற்றையது பக்கவழி. 1979இல் 'நாட்டு வைன்' என்ற பிரிவுக்குத் திட்டவட்டமான விதிகள் வகுக்கப்பட்டன. விளைச்சல் எல்லை, இனப் பட்டியல், சுவைத்துப் பார்க்கும் குழு. 1987இல் இப்பிரதேசம் முழுவதற்கும் ஒரே பெயராகப் 'பேயி டொக்' அனுமதிக்கப்பட்டது. செத் நகர வணிகர் ரொபேர் ஸ்கலியும், உற்பத்தியாளர் தலைவர் ஜாக் கிரவெஜாலும் இதற்காக முன்னின்று உழைத்தவர்கள். இதன் விசேடம் யாதெனில், மூலப்பெயர் முறை பெரும்பாலும் தடுத்திருந்த ஒன்றை, அதாவது திராட்சை இனத்தின் பெயரைப் போத்தலின் முகப்பில் எழுதுவதை, இது அனுமதித்தது. இலண்டனிலோ ஹம்பேர்க்கிலோ இருக்கும் ஒருவருக்குப் பிரெஞ்சு ஊர்ப் பெயர்கள் புரியாது. 'மேர்லோ', 'சார்தொனே' என்றால் புரியும். கலிபோர்னியாவும் அவுஸ்திரேலியாவும் அப்படித்தான் விற்றன. அரசு ஒரு தடையை விலக்கியது, அவ்வளவே. இன்று நல்ல ஆண்டுகளில் ஐம்பது இலட்சம் ஹெக்டோலீற்றர் அளவில் இப்பெயரில் உற்பத்தியாகின்றது.

இதற்கிடையில், எரோ மாவட்டத்தின் அனியான் கிராமத்தில் எமே கிபேர் என்ற தோல் வணிகர், 'மேசை வைன்' என்ற மிகத் தாழ்ந்த வகுப்பிலேயே நின்றுகொண்டு, 1978ஆம் ஆண்டு விளைச்சல் முதல் தம் மா டி டோமா கசாக் வைனைப் போர்தோவின் பெரும் பெயர்களோடு ஒப்பிடத்தக்க விலைக்கு விற்றார். அரசின் ஏணியில் ஏறாமலேயே மாடிக்குப் போகலாம் என்பதை அவர் காட்டினார். எல்லாருக்கும் அது இயலாது. முதலீடு வேண்டும், நாவன்மையும் வேண்டும். அதே அனியானில்தான் 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் மொண்டாவி நிறுவனம் பொதுக் காட்டு நிலத்தில் சுமார் ஐம்பது ஹெக்டேயர் தோட்டம் அமைக்க முன்வந்தது. அப்போதைய சோஷலிச ஊர் முதல்வர் ஆதரித்தார். 2001 மார்ச்சுத் தேர்தலில் அவர் தோற்று, எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் வென்றார். சில வாரங்களில் மொண்டாவி விலகியது. காட்டையும் வேட்டை நிலத்தையும் காத்தனர் என்று மகிழ்ந்தோர் உண்டு. ஒரு வாய்ப்பைத் துரத்திவிட்டனர் என்று இன்றும் குறைப்படுவோரும் உண்டு. 2004இல் வெளிவந்த 'மொண்டோவினோ' என்ற விவரணப்படத்தில் இக்கதையைக் காணலாம்.

நவீனமயமாக்கலின் மற்றைய பக்கம் ஆய்வுகூடங்களில் நடந்தது. துருப்பிடிக்காத உருக்குத் தொட்டிகள், புளிக்கும் வேளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தல் ஆகியன கூட்டுறவுகளுக்கு வந்தன. அரச விவசாய ஆய்வு நிறுவனம் மார்செயன் கடற்கரையின் வசால் தோட்டத்தில் உலகின் திராட்சை இனங்களை மணலில் நட்டுப் பாதுகாத்து வந்துள்ளது. மணலில் பிலொக்சேரா வாழாது என்பதே காரணம். அதே நிறுவனம் நோயெதிர்க்கும் புதிய கலப்பினங்களை உருவாக்கி, 'அர்த்தபான்', 'விடொக்', 'புளோறெயல்', 'வொல்திஸ்' என்ற நான்கும் 2018இல் அரச பட்டியலில் ஏறின. 1934இல் கலப்பினத்தைத் தடைசெய்த அரசே இன்று கலப்பினத்தைச் சிபாரிசு செய்கின்றது. மருந்தடிக்கும் தடவைகளைக் குறைக்கலாம் என்பதால் இது நல்ல காரியமே. தாத்தா காலத்தில் 'நோவா'வைப் பிடுங்கச் சொன்னவர்கள் இவர்கள்தானே என்று ஊரில் சிரிப்பவர்களையும் குறைசொல்ல முடியாது.

ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது அரசுகளின் இயல்பு. சுகாதார அமைச்சின் முயற்சியால் 1991 ஜனவரியில் வந்த எவன் சட்டம் மதுசார விளம்பரத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியது. விவசாய அமைச்சு விற்கச் சொல்ல, சுகாதார அமைச்சு குறைக்கச் சொன்னது. எனது தராசில் இச்சட்டத்தின் பக்கமே தாழும்; மதுவினால் சிதைந்த குடும்பங்களை நமது சமூகமும் அறியும். அன்றியும், குடிப்பழக்கம் சட்டத்துக்கு முன்பே மாறத் தொடங்கிவிட்டது. 1960 அளவில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஆண்டுக்குச் சராசரியாக நூறு லீற்றருக்கும் அதிகமான வைன் அருந்தினார். இன்று அதில் பாதியும் இல்லை. குறிப்பாக, லங்டொக்கின் மலிவான அன்றாடச் சிவப்பே மேசையிலிருந்து மறைந்தது. தரம் உயர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் குடிப்பவன் எழுந்து போய்விட்டான்.

2008இல் ஐரோப்பிய ஒன்றியம் மீண்டும் விதிகளை மாற்றியது. மூன்று ஆண்டுகளில் 1,75,000 ஹெக்டேயர் வரை பிடுங்குவதற்குப் பணம். வடிப்பு மானியம் படிப்படியாக நிறுத்தம். அந்நிதியை விற்பனை ஊக்குவிப்புக்கும் நிலவறை நவீனத்துக்கும் திருப்புதல். நடுகை உரிமைகளையே முற்றாக ஒழித்துவிடும் திட்டமும் இருந்தது. உற்பத்தி நாடுகளின் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டு, 2016 முதல் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு வீதத்துக்கு மேற்படாத வளர்ச்சி என்ற அனுமதி முறை வந்தது. லங்டொக்-ருசியோன் பிரதேச சபை, ஜோர்ஜ் பிரெஷின் தலைமையில், 2006இல் 'பிரான்சின் தெற்கு' என்ற பொதுச் சின்னத்தை உருவாக்கி வெளிநாடுகளில் விளம்பர இல்லங்கள் திறந்தது. காட்சிக்கு அழகாக இருந்தது. சிறு கூட்டுறவுகளுக்கு அதனால் எவ்வளவு பயன் கிட்டியது என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அக்காலத்தில் அவை ஒன்றோடொன்று இணைந்துகொண்டிருந்தன; ஊர் நடுவே நிற்கும் பெரிய கட்டடம் பூட்டப்பட, பழம் பக்கத்து ஊருக்குப் போயிற்று.

இப்போது வானமும் கொள்கையாளராகிவிட்டது. 2019 யூன் 28ஆந் திகதி எரோவின் வெறார்க் கிராமத்தில் 46 பாகை வெப்பம் பதிவாகியது. பிரான்சில் அதுவரை பதிவானவற்றுள் அதுவே உச்சம். அன்று எரோவிலும் காரிலும் திராட்சை இலைகள் நெருப்புப் பட்டவை போலக் கருகின. 2022 முதல் ருசியோன் பகுதியைக் கடும் வரட்சி பீடித்தது. 1955இல் பிலிப் லமூரின் முயற்சியால் அரசு தொடக்கிய ரோன் நீர்ப்பாசனத் திட்டத்தின் நோக்கமே, திராட்சைக்குப் பதில் பழமும் மரக்கறியும் பயிரிடச் செய்து, தோட்டக்காரனை வைனிலிருந்து விடுவிப்பது. இன்று 'அக்வா டொமிற்றியா' என்ற நிலத்தடிக் குழாய் அதே ரோன் நீரை மேற்கே கொண்டுபோவதில், திராட்சையைக் காப்பதும் ஒரு நோக்கம்.

2023இல் விற்பனையாகாத வைனை வடிப்பதற்கு 200 மில்லியன் யூரோ ஒதுக்கப்பட்டது. எவ்வளவு நவீனமான தொட்டியில் செய்யப்பட்டதாயினும், அவ்வைன் வாசனைத் திரவியத்துக்கும் கைகழுவும் திரவத்துக்கும் உரிய மதுசாரமாயிற்று. 2024 இலையுதிர் காலத்தில் ஹெக்டேயருக்கு 4,000 யூரோ என்ற விகிதத்தில் நிரந்தரமாகப் பிடுங்கும் திட்டம் திறக்கப்பட்டது. 120 மில்லியன் யூரோ ஒதுக்கப்பட்ட இத்திட்டத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் ஏறக்குறைய 27,500 ஹெக்டேயருக்கு விண்ணப்பங்கள் வந்தன. ஓட் மாவட்டம் முன்னணியில் நின்றது. பணம் பெற்றவர் 2029 வரை புதிய நடுகை அனுமதி கேட்க முடியாது. அறுபது வயதைக் கடந்து, தோட்டத்தை ஏற்கப் பிள்ளைகள் வராத நிலையில், இதனை ஓய்வூதியத்துக்கான முற்பணமாக எண்ணியவர் பலர். 2025 நவம்பரில் பெசியே வீதிகளில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் சென்றனர். அதே மாதத்தில் விவசாய அமைச்சர் மேலும் 130 மில்லியன் யூரோ பிடுங்கலுக்காக அறிவித்தார்.

பிடுங்கிய நிலம் என்னாகின்றது என்ற கேள்விக்கு 2025 ஓகஸ்ட் ஒரு பதிலைத் தந்தது. கொர்பியேர் மலைகளில் மூண்ட தீ ஆயிரக்கணக்கான ஹெக்டேயரை விழுங்கியது. பிரான்சின் மத்தியதரைக் கரையில் பல பத்தாண்டுகளாகக் காணாத பெருந்தீ அது. உயிரிழப்பும் நேர்ந்தது. கொத்திப் பண்படுத்திய திராட்சைத் தோட்டம் தீயை மறிக்கும். கைவிடப்பட்ட தோட்டத்தில் ஓரிரு ஆண்டுகளில் புதர் மண்டிவிடும். முன்பு தோட்டங்கள் நின்ற இடங்களின் வழியே தீ ஊர்களை நெருங்கியதாக அங்குள்ள ஊர் முதல்வர்கள் எடுத்துரைத்தனர். 4,000 யூரோ கணக்கில் இது சேர்க்கப்பட்டிருக்கவில்லை.

ஒலிவ், பிஸ்தா, மாதுளை ஆகியவற்றைச் சிலர் பரீட்சித்துப் பார்க்கின்றனர். மரம் காய்க்கச் சில ஆண்டுகள் செல்லும். முதல் ஆண்டுகளில் நீரும் வேண்டும். ரோன் நீர்க் குழாய் செல்லும் சமவெளியில் அது இயலும். குழாய் எட்டாத கொர்பியேர் மேட்டு நிலத்தில் மழையை நம்பி நிற்கக்கூடிய பயிர், அங்குள்ளவர்கள் சொல்வதுபோல், ஒன்றே ஒன்றுதான். அதைப் பிடுங்குவதற்குத்தான் இப்போது பணம் தருகின்றார்கள்.